நாற்பது வயதுவரை இருமக் கூடாது

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அன்று வெளியான அரசுக் குறிப்பில் பீடித் தொழிலாளருக்கென்றே தனியாகச் சில வரிகள் இருந்தன. குறைந்தபட்சக் கூலி உறுதி. நாளுக்கு 8 முதல் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் உழைத்தால் இரட்டிப்புக் கூலி. எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவாக இன்னொரு வாக்குறுதியும் வந்தது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முதலாளி செலவில் இலவச மருத்துவப் பரிசோதனை. இதையெல்லாம் வாசகர்கள் அப்போதே படித்திருப்பார்கள். கூலியையும் நேரத்தையும் பற்றிப் பேச ஆள் உண்டு. நமக்கு அந்த நாற்பதுதான் உறுத்துகிறது.

யார் கணக்கில் வந்த நாற்பது இது? முக்கூடலிலும் பாப்பாக்குடியிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற மறுவாரமே பீடி சுற்றச் சுளகை மடியில் வாங்கிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 15 வயதில் உட்கார்ந்தவருக்கு 40 வரும்போது 25 ஆண்டு புகையிலைத் தூள் மூக்கில் ஏறியிருக்கும். அதற்குள் இரண்டு மூன்று பிரசவம் முடிந்திருக்கும், கழுத்தும் இடுப்பும் போயிருக்கும், இலை வெட்டும் கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்பட்டிருக்கும். அப்போது ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, வா தாயீ, நெஞ்சைச் சோதித்துப் பார்க்கிறோம் என்பார்களாம். எதைக் கண்டுபிடிக்க? 25 ஆண்டாக எல்லோருக்கும் தெரிந்ததையா?

வேலை நடக்கும் விதத்தை அறிந்தவர் யாரும் இந்த வயதை எழுதியிருக்க மாட்டார். இலையை நனைத்து, பதமாக்கி, அளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி நூல் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இதே அசைவு ஆயிரம் முறை. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் புகைத்தால் மட்டுமே உடம்புக்குள் போகும் என்று நினைப்பவர்கள் பல பேர். அது தோல் வழியாகவும் ஏறும், ஈரக் கைக்கு இன்னும் எளிதாக ஏறும். மிச்சம் தூசியாக மூச்சில் போகிறது. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடப் பற்றவைக்காத பெண்ணின் சிறுநீரில் நிக்கோட்டினின் கழிவைக் காணலாம். மும்பை டாடா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990களிலேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இருமல், இளைப்பு, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை உடனே தெரிபவை. நுரையீரலில் நடப்பது தெரியப் பல ஆண்டு ஆகும். நோய் வெளியே வரும்போது அந்தப் பெண் சுற்றுவதையே நிறுத்தியிருப்பார், கடைக்காரர் மாறியிருப்பார், கம்பெனி வேறு பெயரில் நடக்கும். யாரைப் போய்க் கேட்பது?

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு இருமலோடு வரும் ஒருவரிடம் புகைபிடிப்பீர்களா என்று மட்டும் கேட்டால் இந்தப் பெண் இல்லை என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேட்காமல் நோயை அறிய முடியாது என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே ஒரு புத்தகம் எழுதிவைத்தார். அந்தப் புத்தகத்தில் புகையிலைத் தொழிலாளரின் நோய்களுக்கென்று தனி இடம் உண்டு. அப்போது தாமிரபரணிக் கரையில் பீடி என்ற பொருளே கிடையாது. 325 ஆண்டுகளுக்குப் பிறகும் நம்முடைய சட்டத்துக்கு அந்தப் பாடம் எட்டவில்லை என்றால் தூரம் காரணமாக இருக்க முடியாது.

சந்தேகம் உள்ளவர்கள், அந்த நான்கில் பணிப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய புதிய தொகுப்பின் மூன்றாம் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கலாம். வேலையால் வரும் நோய் என்று மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய 29 நோய்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஈய நஞ்சு இருக்கிறது, பாதரசம் இருக்கிறது, கல்தூசி இருக்கிறது, பஞ்சாலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருக்கிறது. புகையிலைத் தூசி இல்லை. விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்துப் பஞ்சுத் தூசியால் நெஞ்சு அடைத்துப்போனவருக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி உண்டு. அவர் வீட்டுத் திண்ணையில் அதே ஆண்டுகள் முழுக்கப் பீடி சுற்றிய அவர் மனைவிக்கு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இருமுகிறார்கள். ஒருவருடையது தொழில் நோய், மற்றவருடையது தலைவிதி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்து வந்த பட்டியல் அது, நாங்கள் புதிதாக எதையும் விடவில்லை என்று சமாதானம் சொல்லலாம். புதிதாக எதையும் விடவில்லை என்றால் புதிய சட்டம் எதற்கு?

தெரியாமல் நடந்தது என்றால் மன்னிக்கலாம். சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில், பிள்ளைகளை ஈடுபடுத்தக் கூடாத தொழில்முறைகளின் வரிசையில் முதலாவதாக எழுதப்பட்டதே பீடி சுற்றுதல்தான். பிள்ளைக்கு ஆகாது என்று எழுதியவர்களுக்கு, பிள்ளை வளர்ந்து அதே சுளகின் முன்னால் உட்கார்ந்ததும் தூள் நல்லதாகிவிட்டது. 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 விழுக்காடு பரப்பில் எச்சரிக்கைப் படம் போடச் சொன்னார்கள், நல்லதுதான். ஆனால் அது வாங்கிப் பற்றவைப்பவருக்கான எச்சரிக்கை. சுற்றிக் கொடுப்பவரிடம் கிலோக் கணக்கில் தூளை நிறுத்துத் தரும்போது அந்தப் பையின் மேல் எந்தப் படமும் கிடையாது. பல வீடுகளில் அந்தப் பை இருப்பது பிள்ளைகள் படுத்துறங்கும் அறையில்.

சரி, நாற்பதையும் ஏற்றுக்கொள்வோம். பரிசோதனை முதலாளி செலவில் என்றால், முதலாளி யார்? கம்பெனியின் பெயர் லேபிளில் இருக்கிறது. பெண்ணுக்குத் தெரிந்தது பீடிக் கடைக்காரர். கடைக்காரரைக் கேட்டால் நான் வெறும் ஒப்பந்தக்காரன் என்பார். பாஸ் என்ற பதிவுப் புத்தகம் உள்ளவர் பெயராவது எங்காவது ஒரு நோட்டில் இருக்கும். ஒரு பாஸில் அக்காளும் தங்கையும் கொழுந்தியாளும் சேர்ந்து சுற்றுகிற வீடுகளில் மற்றவர்கள் யார் கணக்கில் வருவார்கள்? வேலையை வெளியே கொடுத்தால் எவ்வளவு கொடுத்தோம் என்று முதலாளி பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது சட்டம். பீடியின் எண்ணிக்கை அந்த ஏட்டில் சுத்தமாக இருக்கும். சுற்றியவரின் நெஞ்சு எப்படி இருக்கிறது என்பதற்கு அதில் இடமில்லை.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரியைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விடியுமுன் நாலு கட்டு, உலை வைத்துவிட்டு நாலு கட்டு, தண்ணீர் பிடித்துவிட்டு நாலு கட்டு, ராத்திரி தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது மிச்சம் என்று போகிற வேலைக்கு எந்தக் கடிகாரம்? கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று இருக்கிறவரை, கூடுதல் நேரம் என்ற சொல்லுக்குத் திண்ணையில் பொருளே இல்லை.

ஆட்சியாளர்களின் பழைய கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். 1976இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம், மற்றது அந்த நிதிக்காகப் பீடிமேல் செஸ் வசூலிக்கும் சட்டம். பிற்காலத்தில் ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்ற அளவில் அந்தச் செஸ் இருந்தது. அந்த நிதியில்தான் முக்கூடல் மருத்துவமனை, ஊர் ஊராக மருந்தகங்கள், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீடு கட்டப் பணம் எல்லாம் நடந்தன. பெருமைப்படும்படி நடந்தன என்று சொல்லவில்லை. ஆனால் நம்முடையது என்று கேட்க ஓர் இடம் இருந்தது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது அந்தச் செஸ்ஸை எடுத்துவிட்டார்கள். நிதிச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. கன்னடியன் கால்வாயை மண் போட்டு மூடிவிட்டு, குளத்தைத்தான் நாங்கள் தொடவே இல்லையே என்பது போன்ற நியாயம் இது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் கேட்க நாதியில்லை.

அப்போது செஸ்ஸை எடுத்தவர்கள் 2025 செப்டம்பரில் மறுபடியும் பீடியை நினைத்தார்கள். அதன்மேல் இருந்த 28 விழுக்காடு வரியை 18 ஆக்கவும், பீடி இலைமேல் இருந்த 18ஐ 5 ஆக்கவும் முடிவு செய்தார்கள். சிகரெட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 40 என்று ஏற்றியவர்கள், பீடிக்கு மட்டும் இரக்கம் காட்டினார்கள். ஏழைத் தொழிலாளியின் வயிற்றுப்பாடு என்பதுதான் அந்த இரக்கத்துக்காக எப்போதும் சொல்லப்படும் காரணம். நல்லது. குறைந்த 10 விழுக்காட்டில் ஓர் அரை விழுக்காட்டைப் பிடித்து அந்தத் தொழிலாளியின் மருத்துவத்துக்கு ஒதுக்கலாமே என்று முடிவெடுத்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? தோன்றியிருந்தால் அறிவிப்பில் ஒரு வரியாவது வந்திருக்கும்.

2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை இந்தியா ஏற்று உறுதிசெய்தது. அதன் 17ஆம் பிரிவு புகையிலைத் தொழிலாளருக்கு மாற்று வாழ்வாதாரம் தேடச் சொல்கிறது, 18ஆம் பிரிவு அவர்களுடைய உடல்நலத்தைக் காக்கச் சொல்கிறது. இருபது ஆண்டு கடந்துவிட்டது. மாற்று வேலை என்று ஆலங்குளம் பக்கம் என்ன வந்திருக்கிறது? கேட்டால் தையல் பயிற்சி என்பார்கள். ஓய்வூதியம்? வருங்கால வைப்பு நிதியில் வீட்டில் சுற்றுபவருக்கும் உரிமை உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் அது கிடைத்தது, இவர்களாக மனமுவந்து கொடுத்ததில்லை. அந்த ஓய்வூதியத்துக்கு 2014இல் குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்த 1000 அப்படியே நிற்கிறது. இருமல் மருந்து விலை அப்படியே நிற்கவில்லை.

அந்தப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு விழுங்கிய 13 சட்டங்களில் ஒன்று 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். (பத்திரிகைக்காரர்களின் சட்டமும் அந்தப் பதின்மூன்றில் போனது, எங்கள் ஒப்பாரியை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறோம்.) அது குறையில்லாத சட்டம் இல்லை. காற்றோட்டம், கழுவும் வசதி, குழந்தைக் காப்பகம் என்று அது சொன்னதெல்லாம் பட்டறைக்குத்தான், திண்ணைக்கு இல்லை. ஆனாலும் அது பீடி என்ற பெயரில் இருந்த ஒரு சட்டம். வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்ற அதன் நிலையைக் கம்பெனிகள் எதிர்த்து வழக்காடி 1974இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. அந்தப் பெயரையும் அந்த வரலாற்றையும் சுருட்டி, கப்பல்துறைக்கும் சுரங்கத்துக்கும் சினிமாவுக்கும் பொதுவான ஒரு புத்தகத்தில் நாலைந்து பிரிவாக ஒடுக்கிவிட்டு இதை எளிமை என்கிறார்கள். யாருக்கு எளிமை? படிக்க வேண்டிய அதிகாரிக்கு எளிமைதான்.

அரசுக் கணக்கிலேயே நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இந்தத் தொழிலில் பதிவாகியிருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். நெல்லையிலும் தென்காசியிலும் இது இல்லாத தெரு குறைவு. தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களுக்குத் திண்ணை திண்ணையாக ஏறி, சுளகைத் தாண்டிக் கும்பிட்டு வாக்குக் கேட்கத் தெரிகிறது. தூள் நெடியில் அவர்களும் தும்முகிறார்கள். ஐந்து நிமிடத்தில் தும்மல் வந்தவருக்கு, ஐம்பது வயதுவரை அங்கேயே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகும் என்ற யோசனை காரில் ஏறியதும் போய்விடுகிறது போலும்.

நாற்பதைத் தூக்கிவிட்டுத் தொழிலில் சேர்ந்த ஆண்டைக் கணக்கில் எடுக்கட்டும். புகையிலைத் தூசியால் வரும் நோயைப் பட்டியலில் சேர்க்கட்டும். பாஸ் இருக்கிறதா என்று பாராமல் சுளகு இருக்கிற வீட்டுக்கெல்லாம் மருத்துவர் போக வழி செய்யட்டும். செஸ்ஸோ, அதற்கு வேறு பெயரோ, எதுவானாலும் நமக்குச் சம்மதம். வழி கண்டுபிடிக்கத்தான் அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். பணம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். சொன்னால், குறைத்தது போக ஒவ்வொரு கட்டிலும் இன்னும் மிஞ்சுகிற அந்த 18 விழுக்காடு எங்கே போகிறது என்று முக்கூடல் மருத்துவமனை வாசலில் நின்றே கேட்க வேண்டியிருக்கும்.