கிற்றாரின் தலையில் எழுதியிருக்கும் நாடு

ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்கிற்றாரை வாங்கப் புறப்படும் இளைஞனுக்கு முதலில் வந்து சேர்வது உபதேசம். கிற்றார் பின்னர்தான் வரும். "அமெரிக்காவில் செய்ததை வாங்கு, இல்லையேல் வாங்காதே" என்பது அவ்வுபதேசத்தின் முதற் கட்டளை. "மெக்சிக்கோவில் செய்தது பழகுவோருக்கு, இந்தோனேசியாவில் செய்தது சிறுவர்களுக்கு" என்பது இரண்டாவது. "1965ஆம் ஆண்டுக்கு முற்பட்டது கிடைத்தால் காணியை விற்றாகிலும் வாங்கு" என்பது மூன்றாவது. இவற்றை ஒப்புவிக்கும் பெரியவர்களிடம் "ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். விளக்கத்துக்குப் பதிலாக ஒரு புன்னகைதான் வரும். அறிந்தவன் அறியாதவனைப் பார்த்துச் சிரிக்கும் புன்னகை அது.

இம்மூன்று கட்டளைகளிலும் உண்மை கால்பங்கு. மீதி முக்கால்பங்கும் வியாபாரம். அந்த முக்கால்பங்குக்கு விலை கொடுப்பவன் கையிற் காசில்லாத இளைஞன் என்பதனாலேயே இதனை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தப் பொருள் யாது என்பதைப் பார்ப்போம். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைத் திருத்தும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபென்டர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்களை அருகில் வைத்துக்கொண்டு அவர்களது முறைப்பாடுகளைக் கேட்டுக் கேட்டு அவர் உருவாக்கிய கருவியே 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதிர்வுக் கைபிடியுடன் அதன் விலை 249 டொலர் 50 சதம். உடல் ஒரு மரம், கழுத்து வேறொரு மரம். இரண்டையும் நான்கு திருகாணிகள் இணைத்தன. கழுத்து பழுதானால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டலாம் என்பதே அவரது எண்ணம். ஆக, இது பூசையறையில் வைப்பதற்கென்று பிறந்த பொருளன்று. இரவு நேர விடுதிகளில் வாசித்துப் பிழைப்பவனுக்குச் செய்து கொடுக்கப்பட்ட தொழிற்கருவி.

அவர் தமது படைப்பை ஒருபோதும் புனிதமாகக் கருதவில்லை என்பதற்கு அவரது தொழிற்சாலையே சாட்சி. உடலுக்கு முதலில் ஆஷ் மரம். 1956 முதல் பெரும்பாலும் ஆல்டர். விரற்பலகைக்கு முதலில் மேப்பிள். 1959 முதல் ஈட்டி மரம். 1962இல் அந்த ஈட்டிப் பலகையும் மெல்லிய தகடாயிற்று. எது இலகுவோ, எது கிடைத்ததோ, எது நின்று பிடித்ததோ அதற்கு அவர் மாறினார். கம்பனியை விற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. ஜி அண்ட் எல் என்ற புதிய நிறுவனத்தில் பிக்கப்புகளையும் அதிர்வுக் கைபிடியையும் மீண்டும் மாற்றியமைத்தார். எந்த ஆண்டுக் கருவி உன்னதமானது என்று இன்று சண்டையிடுவோர், அவற்றைச் செய்தவர் தமது கடைசிக் காலம்வரை அவற்றைத் திருத்திக்கொண்டே இருந்தார் என்பதை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

இனிப் பொற்காலக் கதைக்கு வருவோம். 1965 சனவரியில் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கு ஃபென்டரை வாங்கியது. அன்றோடு ஸ்ட்ராட்டின் ஆன்மா வெளியேறிவிட்டது என்பது ஐதீகம். தலைப்பகுதி பெரிதாயிற்று, பூச்சு தடித்தது, 1971இல் நான்கு திருகாணிகள் மூன்றாயின. எழுபதுகளின் பிற்பகுதியில் தரம் சரிந்ததும் உண்மை. கழுத்து ஆடும் கிற்றார்களும், தூக்கினால் தோள் இறங்கும் கிற்றார்களும் அக்காலத்தில் வெளிவந்தன. இவற்றை மறுப்பதற்கில்லை.

ஆனால் 1969 ஓகஸ்டில் வூட்ஸ்டொக் மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தலைகீழாகத் தாங்கி நின்ற வெள்ளைக் கிற்றார் எது? சி.பி.எஸ். காலத்துப் பெருந்தலை ஸ்ட்ராட். பிங்க் ஃபுளொய்ட்டின் டேவிட் கில்மோர் 1970இல் நியூயோர்க்கில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட் எந்த ஆண்டுடையது? 1969. அதுவும் 'ஆன்மா வெளியேறிய' காலத்ததே. 2019 யூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அதுவரை ஏலத்தில் விற்கப்பட்ட எந்தக் கிற்றாரும் எட்டாத தொகை. வேடிக்கை என்னவெனில், அந்தக் கிற்றாரில் கில்மோர் கழுத்தைப் பலமுறை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், அதிர்வுக் கைபிடியைக் குறுக்கினார். எரிக் கிளப்டனின் 'பிளாக்கி'யோ 1956, 1957 ஆண்டுகளின் கிற்றார்கள் மூன்றைப் பிரித்து ஒன்றாய்க் கோத்தது. பெருங்கலைஞர்கள் ஆண்டு முத்திரையைப் பார்க்கவில்லை. தமக்குப் பொருந்திய பாகங்களைப் பொறுக்கிப் பூட்டினார்கள்.

மேலும் ஒன்று. ஸ்ட்ராட்டின் முத்திரையாக இன்று யாவரும் கொண்டாடும் அந்த மென்மையான இடைநிலை ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிக்கப்புகள் சேர்ந்தொலிப்பதால் வருவது அது. மூலக் கருவியில் மூன்று நிலை ஆளியே இருந்தது. வாசிப்பவர்கள் ஆளியை இரண்டு நிலைகளுக்கு நடுவே சிக்கவைத்து அவ்வொலியைத் திருடினார்கள். ஐந்து நிலை ஆளியைத் தொழிற்சாலையே பூட்டித் தந்தது 1977இல். ஐதீகத்தின்படி மிக இருண்ட காலம் அதுதான்!

அடுத்தது நாட்டின் பெயர். அமெரிக்கக் கரங்களுக்கு மட்டுமே கைவந்த வித்தை இதுவாயின், ஐம்பதுகளின் அமெரிக்கக் கரங்கள் யாருடையவை என்று கேட்போம். அக்காலக் கழுத்துகள் பலவற்றின் அடியில் 'டி.ஜி.' என்ற இரண்டெழுத்து பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். அவை தடேயோ கோமெஸ் என்ற தொழிலாளியின் பெயரின் முதலெழுத்துகள். 1956இல் ஃபென்டரிற் சேர்ந்து 2013வரை பிக்கப் சுற்றியவர் அபிகேல் இபாரா. அவர் சுற்றிய பிக்கப்புக்குச் செல்வந்தர்கள் வரிசையில் நின்று காசு கொடுத்தார்கள். இருவரும் மெக்சிக்க வம்சாவளியினர். அக்கரங்கள் எல்லைக்கு வடக்கே சுற்றினால் அது கலை. எல்லைக்குத் தெற்கே, கொரோனாவிலிருந்து சில மணிநேரக் கார்ப் பயணத் தொலைவிலுள்ள என்செனாடாவில் அவர்களின் உறவினர் சுற்றினால் அது 'பழகுவோருக்கு' உரியது. இதற்குப் பெயர் இரசனையா? சாதி பார்க்கும் சமூகத்திற் பிறந்த நமக்கு இந்த நோயை அடையாளம் காண்பது கடினமாக இருக்கக்கூடாது.

யப்பானின் கதை இதனிலும் கூர்மையானது. 1982இல் ஃபென்டர் யப்பானியக் கூட்டாளிகளுடன் இணைந்து அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. மலிவுப் பதிப்புகளுக்கு ஸ்குவையர் என்ற பெயரையும் சூட்டியது. அந்த மலிவுக் கிற்றார்கள் அமெரிக்காவின் சொந்த உற்பத்தியையே வெட்கப்படுத்தின. 1985இல் சி.பி.எஸ். கம்பனியைக் கைகழுவியபோது, முகாமையாளர் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் அதனை வாங்கியவர்களுக்கு ஃபுல்லர்டன் தொழிற்சாலை கிடைக்கவில்லை. கொரோனாவில் புதிய தொழிற்சாலை நிமிரும்வரை ஃபென்டர் என்ற பெயரை உயிரோடு வைத்திருந்தவை பெரும்பாலும் யப்பானியக் கிற்றார்களே. அன்று ஏளனம் செய்யப்பட்ட அந்த முதல் ஸ்குவையர்களை இன்று சேகரிப்போர் தேடித் திரிகிறார்கள். 2008இல் சீனாவிற் செய்து வெளியிடப்பட்டு, 2019 முதல் இந்தோனேசியாவிலிருந்து வரும் 'கிளாசிக் வைப்' வரிசைக்கும் நாளை அதுவே நடந்தால் வியப்படைவதற்கில்லை.

அப்படியாயின் பதிப்புகளுக்கிடையே வேறுபாடே இல்லையா? இருக்கிறது. அதை மறைப்பதும் நேர்மையன்று. விலை ஏறும்போது கூடுவது முக்கியமாக மனித உழைப்பின் நேரம். வீணையில் மெட்டு என்கிறோமே, கிற்றாரில் அதற்கு ஃபிரெட் என்று பெயர். அதன் நுனியைக் கையால் உருட்டித் தேய்ப்பதற்கும் எல்லா ஃபிரெட்டுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதற்கும் நேரம் வேண்டும். விலைகுறைந்த ஸ்குவையர் வரிசைகளில் பிக்கப்புக்குச் செராமிக் காந்தம். உயர்ந்தவற்றில் அல்னிக்கோ காந்தம். முறுக்காணிகளின் உறுதியிலும் ஆளிகளின் ஆயுளிலும் பிரிட்ஜின் உலோகத்திலும் வேறுபாடு உண்டு. இவை அனைத்தும் உண்மை.

ஆனால் இவற்றுள் பிக்கப், முறுக்காணி, நட், ஆளி யாவும் பின்னர் மாற்றக்கூடியவை. ஃபிரெட் நுனியை நல்லதொரு திருத்துநர் ஒரு நாளில் தேய்த்துத் தருவார். இலகுவில் மாற்ற முடியாதது கழுத்தின் நேர்மையும் அது உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்தும் விதமும்தான். இவ்விரண்டையும் எந்த நாட்டின் பெயரும் உத்தரவாதம் செய்வதில்லை. அமெரிக்க 'புரொஃபெஷனல்' வரிசைக்கும் மெக்சிக்கோவின் 'பிளேயர்' வரிசைக்குமிடையே விலை ஏறத்தாழ இரட்டிப்பு. ஒலி இரட்டிப்பாகிறதா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணை மூடுவது பற்றி ஒரு செய்தி. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்ந்த வயலின் கலைஞர்கள் 21 பேரிடம் கண்ணை மறைத்துப் பழைய இத்தாலிய வயலின்களும் புதியனவும் கொடுக்கப்பட்டன. எது பழையது என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். முந்நூறு ஆண்டு வயலினுக்கே இந்த நிலை என்றால், பத்தாண்டு முன்பின்னான மின்கிற்றாருக்கு எதற்கு இத்தனை பக்தி?

பக்தியை வளர்ப்பதால் இலாபமடைவது யார் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். 1982இலேயே ஃபென்டர் தனது 1957, 1962 மாதிரிகளை மறுபதிப்புச் செய்து விற்கத் தொடங்கியது. சொந்தக் கடந்தகாலத்தையே சரக்காக்கும் உத்தி அது. 1995இல் அதன் தனிப்பட்டறை, புதுக் கிற்றாரின் பூச்சை உரித்து, உலோகத்தைத் துருவேற்றி, வாசிக்காமலேயே வாசித்த அடையாளம் உண்டாக்கி விற்க ஆரம்பித்தது. பழுதாக்குவதற்குக் கூலி, அதுவும் ஆயிரக்கணக்கான டொலரில்! மறுபுறம் பெயர்கள் மாறுகின்றன. 'அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்' 2017இல் 'அமெரிக்கன் புரொஃபெஷனல்' ஆயிற்று. 2020இல் அதற்கு இரண்டாம் பதிப்பு. மெக்சிக்கோவின் 'ஸ்டாண்டர்ட்' 2018இல் 'பிளேயர்' ஆயிற்று. 2024இல் அதற்கும் இரண்டாம் பதிப்பு. விரற்பலகையின் ஓரத்தை உருட்டிவிடுவது முன்னர் அமெரிக்க வரிசையின் பெருமை. 2024இல் அது மெக்சிக்கோவுக்கும் இறங்கியது. என்செனாடாவின் தொழிலாளிக்கு ஓரத்தை உருட்ட 2024வரை தெரியாமலா இருந்தது? ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு குறையை விட்டுவைத்தால்தான் அடுத்த படி விலைபோகும்.

மரத்தின் கதையும் இத்தகையதே. 2017இல் ஈட்டி மர இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆவணச் சிக்கலைத் தவிர்க்க மெக்சிக்கோ வரிசையின் விரற்பலகை பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. உடனே "ஒலி போயிற்று" என்று ஒப்பாரி எழுந்தது. 2019 நவம்பரில் இசைக்கருவிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. 'பிளேயர்' இரண்டாம் பதிப்பில் ஈட்டி திரும்பி வந்தது. இடையில் மாறியது சுங்கத் தாள். சில மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு பலகைக்காக எத்தனை கண்ணீர்!

மூலத்துக்கு விசுவாசமான மறுபதிப்பு என்பதிலும் ஒரு பொறி உண்டு. பழைய விரற்பலகையின் வளைவு ஏழேகால் அங்குல ஆரம். இன்றைய பொது அளவு ஒன்பதரை. பழைய வளைவில் தந்தியைத் தாழ்வாக வைத்து, மேல் சுரங்களில் இழுத்து வளைத்தால் ஒலி செத்துவிடும். இழுத்து வாசிக்க விரும்பும் இளைஞன் அதிக காசு கொடுத்து அந்தக் குறையை வாங்குகிறான்.

ஆகவே வாங்குமுன் செய்ய வேண்டியவை இவை. ஒரே மாதிரியில் இரண்டு மூன்றை எடுங்கள். இரட்டைப் பிள்ளைகளும் ஒரே குணமாய் இருப்பதில்லை. கழுத்தைத் துப்பாக்கியைப் போலக் குறிபார்த்து வளைவும் முறுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அம்ப்ளிபயரில் இணைக்காமல் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்திக் கேளுங்கள். கழுத்தோரம் கையை ஓட்டுங்கள். அதிர்வுக் கைபிடியைப் பலமுறை அழுத்திவிட்டுச் சுருதி நிற்கிறதா என்று சோதியுங்கள். பின்னர் இணைத்து, ஐந்து நிலைகளிலும் ஆளியைத் தட்டுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் பொருந்தியிருந்த ஃபிரெட் நுனிகள் ரொறொன்ரோவின் பனிக்கால வீட்டு உலர்காற்றில் மரம் சுருங்கி வெளியே நீட்டிக் கையைக் கீறும். அதனை நாட்டின் குற்றமென்று எண்ணாதீர்கள். மரத்தின் இயல்பு அது. கடைசியாகத் தலைப்பகுதியைப் பாருங்கள், அதுவும் விலையைச் சரிபார்ப்பதற்கு மட்டும்.

பத்திரிகைத் தொழிலில் முதலாவதாகக் கற்பிக்கப்படும் பாடம், தலைப்பை நம்பாதே, செய்தியை வாசி என்பது. கிற்றாருக்கும் அதுவே பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். மின்கிற்றாரின் ஒலியில் பெரும்பங்கு அம்ப்ளிபயரிலும் அதன் ஒலிபெருக்கியிலும் பிறக்கிறது. இருக்கும் காசனைத்தையும் அமெரிக்க முத்திரையிற் கொட்டிவிட்டு, மிஞ்சிய சில்லறையில் தகர டப்பா போன்ற அம்ப்ளிபயரை வாங்கி, ஒலி சரியில்லை என்று மனமுடைந்து, கிற்றாரை அலமாரியின் மேல் ஏற்றிவிடும் பிள்ளைகள் எத்தனையோ. 2022இல் ரூபா வீழ்ந்த பின்னர் நம் நாட்டில் ஒரு டொலரின் பெறுமதி என்னவென்று பெற்றோருக்குத் தெரியும். மெக்சிக்கோவிலோ இந்தோனேசியாவிலோ செய்த நல்லதொரு ஸ்ட்ராட்டையும், நேர்மையான ஓர் அம்ப்ளிபயரையும், ஓராண்டுக்கு ஓர் ஆசிரியரையும், மாற்றுவதற்குப் பத்துத் தொகுதித் தந்திகளையும் அந்த ஒற்றை முத்திரையின் விலைக்குள் பெறலாம். அந்த ஆண்டின் முடிவில் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்திருக்கும். அதன் பிறகு அவன் எந்த நாட்டுக் கிற்றாரை வாங்கினாலும், தன் காதை நம்பி வாங்குவான்.