தரை தட்டினால் பரிசல்காரரைத் திட்டாதீர்கள்

காணும் பொங்கலன்று முக்கொம்புக்கு மேற்கே, மகன் குடும்பத்தோடு பரிசலில் ஏறினேன். மொத்தம் எட்டுப் பேர். நடு ஆற்றில் மணல் திட்டில் பரிசல் உட்கார்ந்துவிட்டது. உடனே ஒரு பெரிய மனிதர் எழுந்து நின்று, "காசு வாங்கத் தெரியுது, ஓட்டத் தெரியலையா?" என்று கத்தினார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. பேத்தி என் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன், காவிரியில் தரை தட்டுவது குற்றமே இல்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். தை மாதம் தண்ணீர் இறங்கும் காலம். போன வாரம் பரிசல் போன தடம் இந்த வாரம் மணலாகிவிடும். ஆற்றுக்கடியில் என்ன இருக்கிறது என்று துடுப்பால் குத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மணலில் தட்டினால் மூங்கிலுக்கும் ஒன்றும் ஆகாது.

ஆபத்து, தட்டிய பிறகு நாம் போடும் ஆட்டத்தில் இருக்கிறது. நின்றுபோன பரிசலைத் தண்ணீர் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆட்களும் ஒரு பக்கம் சேர்ந்தால் விளிம்பு தாழ்ந்து தண்ணீர் உள்ளே வரும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர் போனார்களே, அந்தப் படகு தரை தட்டவில்லை. விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் திரண்டதும் கவிழ்ந்தது.

"முழங்கால் தண்ணீர்தானே, கவிழ்ந்தால் நடந்து போகலாம்" என்பார்கள். மணல் அள்ளிய ஆற்றில் அந்தக் கணக்குச் செல்லாது. கொள்ளிடத்தில் அப்படி நடந்த எங்கள் தெருப் பையன் அடுத்த எட்டிலேயே குழிக்குள் போனான். மறுநாள்தான் கிடைத்தான். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவன்.

திட்டத்தான் வேண்டுமென்றால் ஏறும்போதே திட்டியிருக்கலாம். எட்டுப் பேருக்கு நாலு மிதவைச் சட்டைதான் இருந்தது, அதுவும் சாக்குக்குள். அதை யாரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பரிசல்காரர் வாய் திறக்கவில்லை. எல்லோரையும் உட்காரச் சைகை காட்டிவிட்டு, தண்ணீர் வரும் பக்கமாக இறங்கித் தள்ளினார். கீழ்ப்பக்கம் இறங்கினால் விடுபட்ட பரிசல் ஆள்மேலேயே ஏறிவிடும். ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டது.

கரையில் இறங்கியதும் அந்தப் பெரிய மனிதர் 20 ரூபாய் குறைத்துக் கொடுத்தார். பரிசல்காரர் எண்ணிப் பார்க்காமல் வாங்கி மடியில் சொருகிக்கொண்டார்.