பெட்டிக்குள் ஒரு நூற்பாலை

போன பங்குனியில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். பழையது பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்டு ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு கடையில், "எழுத்து வேலை, போட்டோ, மகளோட வீடியோ கால். அவ்வளவுதான் தம்பி" என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஓட்டப்பிடாரம் திரும்பினேன். கடையின் பெயர் வேண்டாம். ஒரு கடையின் பழக்கமா இது, எல்லாக் கடையும் இப்படித்தான்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடி. உள்ளே ஆறு ஃபேன். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு, பச்சை, ஊதா என்று வெளிச்சம் ஓடுகிறது. என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "குலசை தசராவுக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரில்லா இருக்கு" என்றாள்.

வெளிச்சத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சத்தம்தான் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டிலிருந்து பேரன் கூப்பிட்டான். முதல் கேள்வியே, "தாத்தா, பின்னாடி மிக்ஸி ஓடுதா?"

அவனுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் மெயின்டனன்ஸில் இருந்தவன் நான். ரிங் ஃப்ரேம் ஓடும் ஹாலில் பக்கத்தில் நிற்பவனோடு வாயசைவிலும் கையசைவிலும்தான் பேச முடியும். சட்டப்படி 8 மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல் உச்சவரம்பு. அளந்து பார்த்தவர் யாரையும் நான் கண்டதில்லை. காதுக்கு நாங்கள் வைத்துக்கொண்டது பஞ்சு. பஞ்சுக்கு அங்கே பஞ்சமா? ஆனால் வெறும் பஞ்சு சத்தத்தை அதிகம் தடுக்காது என்று ரிட்டயர் ஆன பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. வலது காது ஏறக்குறையப் போய்விட்டது. இடது காது பாதி.

காது மந்தமானவனுக்குச் சத்தம் தொந்தரவு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. சத்தம் கேட்கும், அதற்குள் இருக்கும் பேச்சுதான் பிரியாது. மெஷின் சத்தத்தில் போகிற காதில் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கேள்வி. 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகளைப் பிரித்துச் சொல்ல உதவும் மெல்லிய ஒலிகள் மங்கிவிடும். காதுக் கருவி மாட்டினால் அது பேரன் குரலையும் பெரிசாக்கும், ஃபேன் இரைச்சலையும் பெரிசாக்கும். வாரத்தில் அரை மணி நேரம் அந்தப் பிள்ளையோடு பேசுகிறேன். அதில் பாதியை "என்னப்பா? என்னது?" என்று கேட்டே கழித்தேன்.

கடைக்கு போன் போட்டேன். தம்பி மரியாதையாகத்தான் சொன்னான்: "அண்ணாச்சி, நம்ம ஊரு வெயிலுக்கு ஆறு ஃபேன் இருந்தாத்தான் தாங்கும். சத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்."

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

நூற்பாலையில் எனக்கு வேலையே காற்றோடுதான். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் ஆள் உயர ஃபேன்களைக் கட்டி மேய்த்தவன். அதனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் செலவாகும் வாட்ஸை 1.8-ஆல் பெருக்கி, பெட்டி வழியே போகும் காற்றின் சிஎஃப்எம்-ஆல் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) வகுத்தால், உள்ளே வரும் காற்றுக்கும் வெளியே போகும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று கிடைக்கும். என்னுடைய மெஷினில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, 65 வாட் ப்ராசஸர். மொத்தமாக மூச்சுப் பிடித்து வேலை செய்தால் 90 வாட் என்று வைப்போம். பெருக்கினால் 162. உண்மையாகவே 30 சிஎஃப்எம் காற்று போனால் வித்தியாசம் ஐந்தரை டிகிரிக்கும் கீழே. 60 போனால் 2.7. ஆறு ஃபேனும் சேர்ந்து 180 தள்ளுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போது 0.9. அதாவது 60-லிருந்து 180-க்குப் போய் நான் சம்பாதிப்பது இரண்டு டிகிரிகூட இல்லை. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. அந்த இரண்டு டிகிரிக்காகவா என் பேரனின் குரலை விற்பது?

'நம்ம ஊரு வெயில்' என்பதும் பாதி உண்மைதான். சித்திரையில் என் அறைக்குள் 36 டிகிரி காட்டுகிறது. அந்த 36-க்குக் கீழே எந்த ஃபேனாலும் இறக்க முடியாது, ஆறு வைத்தாலும் அறுபது வைத்தாலும். ஃபேன் குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டைப் பெட்டியைவிட்டு வெளியே கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து சத்தம். இதற்கும் கணக்கு உண்டு, மில்லில் இருந்த யாரும் அறிவார்கள். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தெரியும். ஒரே மாதிரி ஃபேன் இன்னொன்று சேர்த்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆகவே ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் காற்று ஏறக்குறைய அதே அளவு, சத்தம் 12 டெசிபல் குறைவு. எனவே ஃபேன் எண்ணிக்கைக்கு நான் எதிரி இல்லை. வேகத்தைக் குறைக்க வழியே வைக்காமல் விற்பதற்குத்தான் எதிரி. எனக்கு வந்த ஆறும் எஸ்எம்பிஎஸ்-இலிருந்து நேராக 12 வோல்ட் வாங்கி, பகலும் இரவும் ஒரே வேகத்தில் சுற்றுபவை. மதர்போர்டுக்கு அவற்றின்மேல் ஒரு அதிகாரமும் கிடையாது. ரிமோட் ஒன்று கூடவே வந்தது. ஆகா, வேகத்துக்குப் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கலர் மாற்றுவதற்கு!

மில்லிலும் பெரிய ஃபேன்களுக்கு வேகம் மாற்றும் டிரைவ் ஒருநாள் வந்தது. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும் என்பதால் நிர்வாகம் உடனே ஒத்துக்கொண்டது. பிளான்ட் ரூமில் சத்தமும் இறங்கியது. ஆனால் அதைச் செய்தது கரண்ட் பில்லுக்காக. எங்கள் காதுக்காக யாரும் ஒரு பைசா செலவழித்ததில்லை. அந்தக் கோபமும் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை.

கண்ணாடி விஷயம் இன்னும் மோசம். முன்பக்கம் முழுதாக மூடிவிட்டு, அதற்குப் பின்னால் மூன்று ஃபேனை வைத்தால் அவை எங்கிருந்து காற்றை இழுக்கும்? ஓரத்தில் விரல்கூட நுழையாத ஒரு சந்து. ஃபேனின் இழுக்கும் பக்கத்தில் தடை இருந்தால் காற்றும் வராது, இரைச்சலும் ஏறும். ரிட்டர்ன் ஏர் வழியில் பஞ்சு அடைத்துக்கொண்டால் ஃபேன் போடும் அலறலை நான் கேட்டிருக்கிறேன். அடைப்பை எடுக்காமல் இன்னொரு ஃபேன் வாங்கலாம் என்று அங்கே எவனாவது சொல்லியிருந்தால் ஷிப்ட் இன்சார்ஜ் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

சரி, யூட்யூபில் கேட்போம் என்றால் அங்கே வேறு கூத்து. ஆஸ்திரியாவின் நொக்டுவாவைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார்கள். நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. 120 மி.மீ. ஃபேனில் இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, சூட்டில் நீளாத பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். வேலையாள் என்ற முறையில் கும்பிடுகிறேன். ஆனால் அந்த ஒரு ஃபேன் விலைக்கு ஆர்க்டிக் பி12 போல எளிய ஃபேன் இரண்டு மூன்று வாங்கலாம். 600 ஆர்பிஎம்மில் ஓட்டும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மேலே சீலிங் ஃபேன் சுற்றும் என் அறையில், நல்ல காதுக்காரர்களுக்கே தெரியாது. அமைதி பணக்காரர்களின் சாமான் என்று ஆக்குவதும், சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்வதும் எனக்கு ஒன்றுதான். இரண்டுமே சாதாரண ஆளைச் சத்தத்தில் உட்காரவைக்கிறது.

அட்டையில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணையும் நம்பிவிடாதீர்கள். அது ஃபேனைத் தனியாக, முன்னால் பின்னால் ஒன்றும் இல்லாமல், அமைதியான அறையில் தொங்கவிட்டு எடுத்தது. எத்தனை தூரத்தில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிஎஃப்எம்மும் அப்படியே. 60 என்று போட்டிருந்தால் பெட்டிக்குள் 30 கிடைத்தால் சந்தோஷப்படலாம். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் கட்டாயம், காற்று எவ்வளவு, வாட் எவ்வளவு என்று அதில் இருக்கும். இந்தச் சின்ன ஃபேனுக்கு அப்படிக் கேட்பார் இல்லை. (சீலிங் ஃபேனில் இப்போது பிஎல்டிசி, பிஎல்டிசி என்று விளம்பரம் செய்கிறார்களே, கம்ப்யூட்டர் ஃபேன் மோட்டார் எத்தனையோ வருடமாக அந்த ஜாதிதான்.)

நான் பார்ப்பது இவற்றைத்தான். இடம் இருந்தால் 140, இல்லாவிட்டால் 120 மி.மீ. அதற்குக் குறைந்த ஃபேன் அதே காற்றுக்கு வேகமாகச் சுற்றியாக வேண்டும், கீச்சென்று கத்தும். ஒயர் நாலு பின் இருக்க வேண்டும், அதுதான் பிடபிள்யூஎம். அப்போதுதான் மதர்போர்டு வேகத்தை ஏற்றி இறக்கும். மூன்று பின் இருந்தால் பயாஸில் டிசி என்று மாற்றினால் பல போர்டுகளில் வேலை நடக்கும். பேரிங் என்ன என்று கேளுங்கள். வெறும் புஷ் என்றால் நம் சூட்டில் எண்ணெய் சீக்கிரம் காய்ந்து முதலில் உறுமும், பிறகு கிரீச்சிடும். படுக்கவைத்து மாட்டினால் இன்னும் சீக்கிரம். ஃப்ளூயிட் பேரிங் அமைதியாகவும் இருக்கும், நாளும் வரும். எங்கள் தெருவில் ஒருவர் புஷ் ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். ஒரு வாரம் அருமையாக ஓடியது, அப்புறம் பிசின் மாதிரி பிடித்துக்கொண்டது. விடுவதானால் தையல் மெஷின் எண்ணெய்.

கண்ணாடிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணூறு ரூபாய் நஷ்டம். தம்பி முகம் சுளிக்காமல் முன்பக்கம் வலை போட்ட சாதாரணக் கேபினட் எடுத்துக் கொடுத்தான். 120 மி.மீ. ஃபேன் மூன்று, இரண்டாயிரத்துச் சொச்சம். முன்னால் இரண்டு இழுக்க, பின்னால் ஒன்று தள்ள. இழுப்பது தள்ளுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் காற்று வலை வழியாகவே வரும், சந்து பொந்தில் தூசியோடு நுழையாது. எங்கள் ஊருக்கு இது முக்கியம். ஆனி, ஆடி மேல்காற்றில் கரிசல் புழுதி கதவைச் சாத்தினாலும் வந்துவிடும். வலைக்கு உள்ளே பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை அலசிப் போடுகிறேன். ஃபேனை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவேன். காற்றடித்துச் சுத்தம் செய்பவர்கள் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும்.

பிறகு பயாஸுக்குள் போனேன். சில போர்டில் க்யூ-ஃபேன், சிலதில் ஸ்மார்ட் ஃபேன் என்று இருக்கும். 60 டிகிரி வரை 600 ஆர்பிஎம், அதற்கு மேல் மெதுவாக ஏறட்டும், ஏறுவதற்கு முன் சில விநாடி பொறுக்கட்டும் என்று வைத்தேன். அந்தப் பொறுமை வைக்காவிட்டால் ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஃபேன் பெருமூச்சு விடும், ஒரே சீரான சத்தத்தைவிட அது எரிச்சல். இந்தக் கத்திரி வெயிலில் போட்டோக்களை மொத்தமாகப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ப்ராசஸர் 68 டிகிரி. ஆறு ஃபேனில் 66 இருந்தது.

பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கச் சொல்லும் நண்பர்களுக்கு: புழுதியையும் பல்லியையும் நீங்களே வந்து பெருக்கிவிட்டுப் போங்கள். 300 வாட் கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாடும் பிள்ளைகளுக்கு என் கணக்கு பொருந்தாது, அவர்களுக்குக் காற்று அதிகம் வேண்டும். ஆனால் அவர்களுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே வேகத்தில் சுற்றும் ஃபேன் வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த பெட்டியை என்னைப் போன்ற கிழவனுக்கும், ஈசேவை மையத்துக்கும், பள்ளிக்கூட ஆபீசுக்கும் விற்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் நீச்சல் வகுப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். ஒரே ஒரு தடவைதான் "என்னப்பா?" என்று கேட்டேன். இப்போது அறையில் கேட்பது சீலிங் ஃபேனின் டக் டக் மட்டும். பேரிங் போயிருக்கிறது. சனிக்கிழமை இறக்கிப் பார்க்க வேண்டும், ஏணி பிடிக்க ஆள் கிடைத்தால்.