பழநிக்கு நடக்கப் போகிறீர்களா?

"தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழநிக்கு நடப்பதாக வேண்டியிருக்கிறேன். என் மாமியாரும் கூட வருகிறேன் என்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி. அழைத்துப் போகலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நானும் பட்டுத் தெரிந்து கொண்டவள்தான்!

குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று 150 கிலோமீட்டருக்கு மேல் போகும் பாதை அது. நகரத்தார் காவடிகள் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழி. சில வருஷங்களுக்கு முன் என் மாமியார், வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்து கொண்டு என்னோடு கிளம்பினார். மூன்றாம் நாள் நத்தத்தை நெருங்கும்போது, அவர் கால் வைத்த இடத்தில் ரத்தக் கறை! பாதத்தில் கூழாங்கல் சில்லு ஏறியிருந்தது.

"அத்தை, வலிக்கலையா?"

"இல்லையேம்மா, ஒண்ணுமே தெரியலையே!"

அதுதான் ஆபத்து. நாள்பட்ட சர்க்கரை வியாதி பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடும். வலி தெரியாததால் புண் பெரிதாகும். அன்றே பஸ் ஏறி ஊர் திரும்பினோம். அந்தப் புண் ஆற மூன்று மாசமாயிற்று. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று நான் அழாத நாளில்லை.

ஆகவே சகோதரி, முதலில் டாக்டரிடம் மாமியாரின் காலைக் காட்டுங்கள். அவர் சரி என்றாலும் வெறுங்கால் நடை வேண்டாம். தினமும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் நீங்களே பாருங்கள். மாத்திரையோ ஊசியோ போட்டுக் கொண்டு பட்டினியாக நடக்கக் கூடாது. திடீரென்று வியர்த்து, கை நடுங்கினால் உடனே கொடுக்க மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

இனி உங்களுக்கு. கார்த்திகையிலேயே நடக்க ஆரம்பியுங்கள். முதல் வாரம் தினம் 2 கிலோமீட்டர் போதும். வாராவாரம் கூட்டிக் கொண்டே போய், மார்கழிக் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு நாள் 15 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். மறுநாள் எழுந்து நடப்பதுதான் பரீட்சை!

புதுச் செருப்போடு கிளம்பாதீர்கள். நன்றாகப் பழகியதே நல்லது. காலுறை மூன்று ஜோடி எடுத்துக் கொண்டு, ஈரமானதும் மாற்றுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாமல், கழுவிச் சுத்தமான துணியால் மூடிக் கட்டுங்கள்.

வழியில் ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் நடக்கிறோம், இல்லையா? நீர்க்கடுப்பும் மயக்கமும் அதனால்தான் வருகின்றன. மடங்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் கூச்சப்படாமல் கேளுங்கள். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கலந்து வைத்துக் கொண்டால், வயிற்றுப்போக்கு வந்தால் கை கொடுக்கும். மாதவிலக்கைத் தள்ளிப் போட மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது. டாக்டரைக் கேட்டே சாப்பிடுங்கள். இருட்டில் நடந்தால், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாகப் போங்கள்.

என் மாமியார் நேர்த்திக்கடன் என்னவாயிற்று என்கிறீர்களா? மறு வருஷம் டாக்டரைக் கேட்டு, ஒட்டன்சத்திரத்திலிருந்து மட்டும், கான்வாஸ் ஷூ போட்டுக் கொண்டு இரண்டு நாளில் நிதானமாக நடந்தார். மலைக்கு விஞ்சில் ஏறினோம்.

"முருகன் கோவிச்சுக்க மாட்டானா அத்தை?" என்று சீண்டினேன்.

"காலைக் குடுத்தவனே அவன்தானே! அதைப் பத்திரமா வச்சுக்கிட்டா கோவிப்பானா?" என்றார்.

உங்கள் மாமியாரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்.