செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? சாவியோடு வாரண்டி தானாக வராது... முழு விவரம்!

ஷோரூமில் எட்டாத விலையில் இருந்த ஸ்போர்ட்ஸ் கார், நாலைந்து வருடம் கழித்து செகண்ட் ஹேண்ட் சந்தையில் நல்ல விலை குறைந்து நிற்கும். பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் ஒன்றை மறந்துடக் கூடாது. காரின் விலைதான் குறைந்திருக்கிறது, அதன் உதிரிபாகங்களின் விலை குறையவில்லை. கியர்பாக்ஸ் போனாலோ, பிரேக் டிஸ்க் மாற்ற வேண்டி வந்தாலோ, புது கார் வைத்திருப்பவர் கட்டும் அதே பில்தான் உங்களுக்கும் வரும்.

அந்த பில்லிலிருந்து காப்பாற்றுவது வாரண்டி. அது உங்கள் பெயருக்கு வருமா, வராதா என்பதை பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்வது எப்படி? பார்க்கலாம்.

முதலில் காரின் ஜாதகம்

2025 செப்டம்பரில் கேரளாவில் 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் சுங்கத்துறை நடத்திய சோதனை நினைவிருக்கும். பூடான் வழியாக சட்டவிரோதமாக கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்கள் மூலம் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டதாக சந்தேகிக்கப்பட்ட சொகுசு கார்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அந்த சோதனை சினிமா பிரபலங்கள் வீடு வரை போனது. ஆர்.சி. கையில் இருந்தாலும், அந்த ஆர்.சி. எப்படி வந்தது என்ற கேள்வி கடைசியாக வாங்கியவரிடமும் வரும் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

அதனால் இன்ஜின் சத்தம் கேட்பதற்கு முன் இவற்றைப் பாருங்க:

- ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் காரில் பொறித்திருப்பதோடு பொருந்துகிறதா?
- பரிவாஹன் தளத்திலோ, எம்பரிவாஹன் செயலியிலோ கடன் நிலுவை, இன்சூரன்ஸ் தேதி, அபராத செலான் என்ன காட்டுகிறது?
- கடன் இருந்தால், வங்கியின் தடையில்லா சான்றும் படிவம் 35-ம் கிடைக்குமா?
- வெளிமாநில கார் என்றால் படிவம் 28, அதாவது அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. இருக்கிறதா?
- இறக்குமதி கார் என்றால் சுங்க வரி கட்டிய ஆவணம் எங்கே?

வெளிமாநில காரில் இன்னொரு செலவும் உண்டு. தமிழ்நாட்டுக்கு பதிவை மாற்றும்போது இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். "டெல்லி கார், விலை கம்மி" என்று யாராவது சொன்னால், அந்த வரியையும் கூட்டிப் பாருங்க.

காரை எப்படி சோதிப்பது?

விற்பவர் இன்ஜினை சூடாக்கி வைத்திருக்க விடாதீங்க. காலையில், ஆறிய இன்ஜினை உங்கள் முன்னாலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்க. நீல நிறப் புகை, உலோகம் உரசும் சத்தம், சீரற்ற ஓட்டம் எல்லாம் அந்த முதல் சில நிமிடங்களில்தான் வெளியே தெரியும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்க. 2322 என்று இருந்தால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. கார் ஓடியது சில ஆயிரம் கிலோமீட்டர்தான் என்கிறார்கள், டயர் மட்டும் ஏற்கனவே மாற்றப்பட்டிருக்கிறது என்றால், ஏன் என்று கேளுங்க.

சென்னை, அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களின் கார் என்றால் வெள்ள சோதனை கட்டாயம். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு ஒட்டி இருப்பதால் கொஞ்சம் தண்ணீரே உள்ளே போகப் போதும். சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்துப் பாருங்க, அடியில் சேற்றுக் கறை இருக்கலாம். சீட் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டில் ஈர வாடை இருந்தால் அந்தக் காரை விட்டுடலாம்.

கம்ப்யூட்டர் சொல்லும் உண்மை

ஸ்போர்ட்ஸ் காரில் முக்கியமான சோதனை இதுதான். காரை ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் பதிவு செய்து வைத்திருக்கும். போர்ஷே கார்களில், இன்ஜின் சுழற்சி எல்லையைத் தாண்டிய தடவைகள் அளவு வாரியாக பதிவாகும். மேனுவல் கியர் காரில் தவறுதலாக கீழ் கியருக்கு மாற்றினால் இது நடக்கும். உச்ச அளவில் பதிவு இருந்தால் இன்ஜினுக்குள் சேதம் இருக்கலாம்.

அதே அறிக்கையில் இன்ஜின் ஓடிய மொத்த மணி நேரமும் வரும். ஓடோமீட்டர் 12,000 கி.மீ. காட்டுகிறது, இன்ஜின் 1,000 மணி நேரம் ஓடியிருக்கிறது என்றால் சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ.தான். நெரிசலிலேயே ஓடிய கார் என்று வைத்துக்கொண்டாலும் இது இடிக்கும் கணக்கு. மீட்டரைத் திருத்தியிருக்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டியதுதான். இந்த அறிக்கையை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே எடுங்க.

வாரண்டி: மூன்று வகை, மூன்று விதி

"வாரண்டி இருக்கு சார்" என்று விற்பவர் சொன்னால், எந்த வாரண்டி என்று கேளுங்க.

1. கம்பெனி வாரண்டி: இது பொதுவாக காரின் சேசிஸ் எண்ணோடு போகும். ஆனால் கணக்கு தொடங்குவது முதல் உரிமையாளர் கார் எடுத்த நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை.

2. நீட்டிக்கப்பட்ட வாரண்டி: முதல் உரிமையாளர் தனியாக பணம் கட்டி வாங்கியது. இது தானாக மாறும் என்று நம்பக் கூடாது. விண்ணப்பம், கட்டணம், காலக்கெடு என நிபந்தனைகள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். சில நேரம் காரை மீண்டும் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வார்கள்.

3. டீலர் தரும் வாரண்டி: இது கார் கம்பெனியின் வாக்குறுதி கிடையாது. எந்தெந்த பாகம், எவ்வளவு தொகை வரை, எந்த கேரேஜில் என்பதை எழுத்தில் படித்துப் பார்த்த பிறகே மதிப்பு போடுங்க.

கம்பெனியே சரிபார்த்து விற்கும் பழைய கார்கள் தனி ரகம். உதாரணமாக, 'போர்ஷே அப்ரூவ்டு' திட்டத்தில் 111 அம்ச சோதனை முடிந்த பிறகே வாரண்டி தரப்படுகிறது. விலை கூடுதலாக இருந்தாலும், அந்த வித்தியாசத்தில் வாரண்டியின் விலையும் அடங்கியிருக்கிறது.

கையில் இருக்கும் வாரண்டியும் செல்லாமல் போகுமா?

போகும். சர்வீஸ் தேதிகளில் இடைவெளி, ரேஸ் டிராக்கில் ஓட்டியது, பெரிய விபத்து, ஓடோமீட்டர் திருத்தம் எல்லாமே சிக்கல்தான். ஸ்போர்ட்ஸ் காரில் அதிகம் நடப்பது 'ரீமேப்'. இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி பவரை ஏற்றுவார்கள். விற்கும் முன் பழையபடி மாற்றிவிட்டாலும் கம்ப்யூட்டரில் தடயம் இருக்க வாய்ப்பு உண்டு. கிளெய்ம் வரும் நாளில் அதைக் கண்டுபிடித்தால், மாற்றியது முந்தைய உரிமையாளர் என்ற வாதம் கைகொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றுவதே சட்டச் சிக்கல்.

தனிப்பட்ட முறையில் இறக்குமதி செய்த காருக்கு, அதே பிராண்டின் இந்திய நிறுவனம் வாரண்டி தருமா என்பதையும் தனியாக உறுதி செய்யணும்.

பெயர் மாற்றம் தள்ளிப்போனால்?

விற்பவர் படிவம் 29 மூலம் ஒரே மாநிலத்துக்குள் 14 நாட்களில் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கார் கைமாறியும் ஆர்.சி. மாறாமல் இருந்த வழக்கில், விபத்து இழப்பீட்டுக்கு ஆவணத்தில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே இது விற்பவருக்கும் தலைவலிதான்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு காரோடு மாறும். உங்கள் காரின் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது. 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கணும். நோ கிளெய்ம் போனஸ் பழைய உரிமையாளருக்கே சொந்தம்.

எந்த வரிசையில் செய்யணும்?

- சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் வரலாறு, வாரண்டி முடியும் தேதி, மாற்றும் நிபந்தனை மூன்றையும் எழுத்தில் அல்லது மின்னஞ்சலில் கேளுங்க. விவரம் தர உரிமையாளர் சம்மதம் கேட்பார்கள். விற்பவர் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான்.
- பிறகு அதே சென்டரில் உங்கள் செலவில் சோதனை.
- ஒப்பந்தத்தில் "வாரண்டி மாறாவிட்டால் இவ்வளவு தொகை திரும்ப" என்று ஒரு வரி.
- விலையில் ஒரு பகுதியை பெயர் மாற்றமும் வாரண்டி மாற்றமும் முடியும் வரை நிறுத்தி வைக்க விற்பவரிடம் பேசிப் பாருங்க.
- வாரண்டி மாற்ற புது ஆர்.சி. தேவையா, விண்ணப்ப ரசீது போதுமா என்று முன்பே கேளுங்க. ஆர்.சி. வருவதற்குள் வாரண்டி முடிந்துபோகும் நிலை என்றால், வாரண்டி இல்லாத காருக்கான விலையைப் பேசுவதே சரி.