‘இல்’ ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று



மானிப்பாயில் இருக்கிறேன், வீதியில் நிற்கிறேன், சந்தியில் இறங்குவேன். தமிழில் மூன்றுக்கும் ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலம் இன், ஒன், அட் என்று மூன்று கேட்கிறது. அதுவும் நம் வேற்றுமை உருபைப் போலப் பின்னால் ஒட்டாமல் பெயருக்கு முன்னால் தனியே நிற்கும்.

ஊர், அறை, பெட்டி போல நம்மைச் சூழ்ந்த இடமென்றால் இன்: ‘இன் மானிப்பாய்’. மேற்பரப்போ நீண்ட கோடோ என்றால் ஒன்: ‘ஒன் த டேபிள்’, ‘ஒன் த காரைநகர் றோட்’. ஒரு புள்ளியாக நினைத்தால் அட்: ‘அட் த ஜங்ஷன்’.

மருத்துவமனை விஷயத்தில்தான் கவனம் வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீனின் பெயரில் மானிப்பாயில் ஒரு மருத்துவமனை உண்டு. அங்கே அயல்வீட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு, ‘உம்மா இஸ் இன் ஹொஸ்பிடல்’ என்று மகள் செய்தி அனுப்பினால் அவன் பதறிப்போவான். நீங்கள் நோயாளியாகப் படுத்திருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். ‘அட் த ஹொஸ்பிடல்’ என்றால், அங்கே நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

போவதற்கு டு. ஆனால் ‘வீட்டுக்கு’ என்ற நம் வழக்கத்தில் ‘கோ டு ஹோம்’ என்று எழுதாதீர்கள். ‘கோ ஹோம்’ போதும். அறைக்குள் நுழைவதை ‘என்டர் இன்டு த ரூம்’ என்பதும் தவறு. அங்கே இன்டு வேண்டாம். ‘கோ’ என்றால் மட்டும் ‘கோ இன்டு த ரூம்’. வந்து சேர்வதற்கு ‘அரைவ் டு’ கிடையாது. ஊரென்றால் ‘அரைவ் இன்’, சந்தியென்றால் ‘அரைவ் அட்’. பஸ்ஸில் ஏறினால் ‘கெட் ஒன்’, காரில் ஏறினால் ‘கெட் இன்டு’. நிமிர்ந்து நடந்து போக இடமுள்ள வாகனத்துக்கு ஒன் என்று நினைவு வைத்தால் பெரும்பாலும் பிழைக்காது. (சைக்கிளுக்கும் ஒன்தான், நடக்க இடமில்லாவிட்டாலும்!)

இனி, ஃப்ரம். ‘ஐ கேம் ஃப்ரம் புத்தளம்’ என்றால் புத்தளத்திலிருந்து பயணப்பட்டு வந்தேன். ‘ஐ ஆம் ஃப்ரம்’ என்று தொடங்கினால் அது சொந்த ஊர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல புத்தளத்திலேயே தங்கிவிட்டன. அவ்வீட்டுப் பெண்ணிடம் ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்று கேட்டால் அவள் திணறத் தேவையில்லை. ‘ஐ லிவ் இன் புத்தளம். ஐ ஆம் ஃப்ரம் ஜாஃப்னா.’ இரண்டும் சரியான ஆங்கிலம். ஒன்று மற்றதை அழிக்காது.