குளிரில் இறந்த மாடுகளும் எவரும் கேட்காத தீவனக் கணக்கும்

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலைக் கடந்த நாட்களில், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. நோய் ஏதும் பரவுகிறதோ என்ற அச்சம் முதலில் எழுந்தது. கடும் குளிரே காரணம் என்று அதிகாரிகள் பின்னர் அறிவித்தார்கள். இழப்பீடு பற்றிப் பேசப்பட்டது. அத்தோடு விடயம் முடிந்துவிட்டது.

குளிர்தான் காரணம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே குளிர் வீசிய இரவுகளில் கொட்டிலில் கட்டித் தீனி போட்ட மாடுகள் பெரும்பாலும் தப்பின. வெட்டவெளியில் நின்ற பட்டி மாடுகளே கூடுதலாகச் செத்தன. கூரை ஒரு காரணம். இன்னொரு காரணம் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதைப் பற்றி எவரும் பேசியதாகத் தெரியவில்லை.

மாடு வைக்கோலைத் தானே சமிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்துச் சத்தாக்குகின்றன. அந்த நுண்ணுயிர்கள் வாழ நைதரசன் வேண்டும். தீவனத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 7 வீதத்துக்குக் கீழே புரதம் இறங்கினால் அவை சோர்ந்துபோகும். நெல் வைக்கோலில் இருப்பது 4 வீதம் அளவில்தான். விளைவு என்ன? வைக்கோல் இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. வயிறு உப்பித் தெரிகிறது, மாடு மேலும் தின்ன மறுக்கிறது. முன்னால் போர் போராக வைக்கோல் கிடந்தாலும் அது பட்டினிதான்.

வன்னியின் வருடக் கணக்கு இந்த இடத்தில் முக்கியம். ஆடி, ஆவணியில் புல் காய்ந்து கருகும். சிறுபோக அறுவடைக்குப் பின் கிடைப்பது வைக்கோலும் வயல் தாளும். ஐப்பசியில் மழை வந்து புல் துளிர்க்கும்போது பெரும்போக விதைப்பும் தொடங்கிவிடும். மாடுகளை வயல்வெளியிலிருந்து துரத்தியாக வேண்டும். குளத்து அலைகரையை நீர் மூடிவிடும். காட்டோரம் போனால் வன இலாகாவின் எல்லைக் கல். துளிர்ப்புல்லில் புரதம் உண்டு, ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர். ஆகவே கார்த்திகை, மார்கழிக்குப் பல மாடுகள் எலும்பு தெரியத்தான் வந்து சேர்கின்றன.

தோலுக்கடியில் கொழுப்பு இல்லாத, மயிர் நனைந்த மாட்டுக்குக் காற்றோடு சேர்ந்த மழை எமன். இரைப்பையில் நார் நொதிக்கும்போது வெளிவரும் வெப்பம் அதற்கு உள்ளே எரியும் அடுப்பு. தீனி இல்லையென்றால் அந்த அடுப்பும் அணைந்துவிடும்.

கொழுப்புத்தானே குறை, எண்ணெயைக் கலந்து கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். மாட்டின் விடயம் கோழியைப் போன்றதல்ல. தீவனத்தின் உலர் எடையில் 6, 7 வீதத்தை மிஞ்சிக் கொழுப்புப் போனால் நாரை உடைக்கும் நுண்ணுயிர்களையே அது முடக்கிவிடும். அதிலும் சோள எண்ணெய், சோயா எண்ணெய் போன்றவை பாலின் கொழுப்பையும் இறக்கும். நம் நாட்டில் பாலுக்கு விலை போடுவதே கொழுப்பையும் ஏனைய திண்மங்களையும் அளந்துதான். லீற்றர் குறையாமலே வருமானம் குறையும். இரைப்பையைத் தாண்டிக் குடலில் கரையும்படி கல்சியத்தோடு சேர்த்துச் செய்த கொழுப்பு இருக்கிறது. அதிகம் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு அது பயன்படும். பட்டி மாட்டுக்காரருக்கு அது எட்டாத விலை, தேவையும் இல்லை. முதலில் நுண்ணுயிருக்குப் புரதம் கொடுத்தால் மாடு நாரைத் தின்னும். தின்றால் கொழுப்பை அதுவே சேர்த்துக்கொள்ளும்.

அந்தப் புரதம் எங்கே? தேங்காய்ப் பிண்ணாக்கில் 20 வீதம் அளவில் உண்டு; விலையைக் கேட்டால் பலர் திரும்பிவிடுகிறார்கள். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையின் குழையிலும் உலர் எடையில் 20 வீதத்துக்குக் குறையாத புரதம் உண்டு, அதற்குக் காசில்லை. முதல் நாள் மாடு மணத்துக்கு முகம் திருப்பும். அரை நாள் வாடவிட்டுக் கொடுத்தால் பழகிக்கொள்ளும். இப்பில் இப்பில், பூவரசு, முள்முருக்கு எல்லாம் எங்கள் பாட்டிமார் ஆட்டுக்கு வெட்டிப்போட்ட குழைகள்தாம்.

வைக்கோலுக்கு யூரியா ஊட்டும் முறையும் புதிதல்ல. 1980களிலேயே இலங்கையில் ஆராய்ந்து பரப்பினார்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் இரண்டு மூன்று கிழமை மூடி வைப்பது. புரத அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும், நாரும் இளகும். (யூரியாவை நேரடியாக அள்ளிப் போடக்கூடாது, மாடு செத்துப்போகும்.) 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது நெல்லையும் தேயிலையையும் பற்றி நாடே பேசியது. வைக்கோலுக்கு வேண்டிய அந்த நாலு கிலோவைப் பற்றி யார் நினைத்தார்கள்? அந்தத் தடையில் சோள விளைச்சலும் விழுந்தது, 2022இல் டொலரும் இல்லை, கலப்புத் தீவனம் எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த வருடக் கடைசியில்தான் மாண்டஸ் வந்தது.

கொழும்பின் பார்வை எப்போதும் இனத்தின் மீதுதான். 2017இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து ஏறத்தாழ 5,000 கறவைப் பசுக்களைக் கொண்டுவந்தார்கள். பல பண்ணைகளில் அவை நோயுற்று இறந்ததாக முறைப்பாடுகள் எழுந்தன. நல்ல இனத்துக்கு நல்ல தீனி வேண்டும் என்பதைக் கொள்வனவுக்குப் பிறகு சிந்திப்பது நமது வழக்கம்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதையும் அல்ல. கமநல சேவை நிலையங்களில் கால்நடைக்கென்று சிறு அளவு யூரியா ஒதுக்கலாம். அறுவடை இயந்திரம் வயலில் சிதறிவிட்டுப் போகும் வைக்கோலைக் கட்டாக்கிப் பிரதேச மட்டத்தில் சேமிக்கலாம். புயல் எச்சரிக்கை வரும்போது மீனவருக்குச் சொல்வதுபோல் பட்டிக்காரருக்கும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லலாம்.

கடினமானது காணிதான். மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தெருவில் இறங்கியது இதற்காகத்தான். வன்னியிலும் மேய்ச்சல் தரையை அளந்து வர்த்தமானியில் அறிவிக்கும்படி கேட்டுக் களைத்தவர்கள் ஏராளம். சீமைக்கிளுவைத் தடியை ஊன்றினால் குழை வெட்ட ஒரு வருடமாவது போகும். அடுத்த பெரும்போகத்தில் அந்த இடத்தில் யாருடைய உழவு இயந்திரம் நிற்கும் என்று தெரியாதவரிடம் போய், மரம் நடு என்று எப்படிச் சொல்வது?